காரில் ஆயில் லீக்: 34,000 ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். இரண்டு வருடத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைத்தான் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டுகிறார். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். இதுவரை 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றியிருக்கிறார். சில வாரங்களில் போர்ட்டிகோ டைல்ஸில் காசு அளவுக்குக் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. இப்போது அது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் கருகுகிற வாடை உள்ளே வருகிறது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்ததைப் பார்த்து ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே ஊற்றியிருக்கிறார், சில வாரம் கழித்து இன்னொன்றையும். "டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை, அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்" என்கிறார்.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காரை லிஃப்டில் தூக்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், கிளட்ச் செட்டும் மாத்திடலாம், 34,000 ரூபாய்" என்றார்களாம். காலனி மெக்கானிக்கோ, "பழைய வண்டின்னா அப்படித்தான் மேடம், கெட்டி ஆயில் ஊத்தி, லீக் ஸ்டாப் பாட்டில் ஒண்ணு கலந்துடுங்க, 900 ரூபாயில முடிஞ்சுடும்" என்கிறார். கொழுந்தனார், எஞ்சின் போவதற்குள் விற்றுவிடச் சொல்கிறார். அடுத்த மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகத் திட்டம் வேறு இருக்கிறது. "யாரை நம்புவது? பெண் தனியாக வருகிறாள் என்று ஏமாற்றப் பார்க்கிறார்களா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தேதி, வாடை, கறையின் அளவு என்று இவ்வளவு கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டு பேருமே லீக் எங்கே இருக்கிறது என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் பெரிய வேலையைச் சொல்லிவிட்டார், இன்னொருவர் வேலையே வேண்டாம் என்றுவிட்டார். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் படிந்து கறுத்துப்போன எஞ்சினை ஐந்து நிமிடம் கீழிருந்து பார்த்து, கசிவது இந்த சீல்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எஞ்சினைக் கழுவி, ஓட்டிப் பார்த்து, எண்ணெய் எங்கே முதலில் தலைகாட்டுகிறது என்பதை உங்களுக்குக் கண்ணால் காட்டாதவரை எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். பெரிய ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் சரி, தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி.

முதலில், வண்டியை ஓட்டலாமா?

சிவப்பு விளக்கைப் பற்றி உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். ஆயில் கேன் படம் போட்ட அந்த விளக்கு, பெரும்பாலான கார்களில் எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. பம்ப் உறிஞ்சுவதற்கு எண்ணெய் இல்லாமல் காற்றை இழுக்கத் தொடங்கி, அழுத்தம் ஏறக்குறைய விழுந்த பிறகுதான் அது எரியும். அந்த நேரத்தில் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கியிருக்கும். ஓட்டும்போது அது எரிந்தால் "பக்கத்தில்தானே வீடு" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

ஆக, இனி உங்களுக்குக் காவல் டிப்ஸ்டிக்தான். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போது, குச்சியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான சிறிய கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். பாதி அளவு இருக்கும்போது நீங்கள் முழு லிட்டரையும் ஊற்றியிருந்தால் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியிருக்கும். அதுவும் கெடுதல்தான். கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரைக்க வைக்கும், கூடுதல் எண்ணெய் காற்றுக் குழாய் வழியாக வெளியே தள்ளப்படும். ஒருவேளை நீங்கள் பார்க்கும் ஈரத்தில் கொஞ்சம் இப்படி வந்ததாகவும் இருக்கலாம். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மிச்சத்தை ஒர்க்‌ஷாப்பில் வடித்துவிடச் சொல்லுங்கள். இனிமேல் 200 மில்லி, 200 மில்லியாக ஊற்றி அளந்துகொள்ளுங்கள்.

தரையில் விழும் சொட்டைவிட அந்தக் கருகல் வாடைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூடாகும். எஞ்சின் ஆயில் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். வாடை மட்டும் வந்தால், பள்ளிக்கும் வீட்டுக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு இந்த வாரமே சரிபார்த்துவிடலாம். பானெட் ஓரத்தில் புகை தெரிந்தாலோ, ஒரே நாளில் டிப்ஸ்டிக் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினாலோ ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள், வண்டி டோ செய்யப்பட்டுப் போகட்டும்.

சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் ஒன்று

மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில் தண்ணீர் இறங்குகிற ஓடு ஒரு பக்கம் இருக்கும், சட்டத்தின் வழியாக ஓடி வந்து சொட்டுகிற இடம் வேறொரு பக்கம் இருக்கும். எஞ்சினிலும் அப்படித்தான். எஞ்சினின் மேல் மூடியான ஹெட் கவரின் பேக்கிங்கில் கசிகிற எண்ணெய், எஞ்சினின் உடம்பு வழியாக வழிந்து, ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னோக்கிப் பரவி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது, அங்கே எண்ணெயை அடைத்து நிற்கும் பின்பக்க ஆயில் சீலின் லீக் மாதிரியே தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் ஈரமாக இருக்கும் இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே இருப்பது எது என்று தேடுவார்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டு இடங்கள் மேல்தான் முதல் சந்தேகம்.

ஒன்று, ஹெட் கவர் பேக்கிங். சில மெக்கானிக்குகள் டேப்பெட் கவர் பேக்கிங் என்பார்கள். இது ரப்பர். பத்து வருட வெயிலிலும் சூட்டிலும் இறுகி, பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். உங்கள் வண்டியின் வயதுக்கு இது போவது சாதாரணம். இங்கே கசிந்தால் எண்ணெய் சூடான மேனிஃபோல்டில் விழ வாய்ப்பு அதிகம். சிக்னலில் நிற்கும்போது, அதாவது எதிர்க்காற்று இல்லாதபோது, வாடை உள்ளே வருவதும் இதற்குப் பொருந்துகிறது. ஸ்பார்க் பிளக் குழிகளுக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இதே வகை ரப்பர் வளையங்கள் உண்டு. அவை போனால் காலையில் எஞ்சின் உதறி உதறிக் கிளம்பும்.

இரண்டு, இரண்டு மாதம் முன்பு கைவைத்த இடங்கள். ஆயில் மாற்றிய பிறகு தொடங்கிய லீக் என்றால், மாற்றியபோது கழற்றியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கிப் பொருந்துகிற வகை. பழையதையே திரும்பப் போட்டால் கசியும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, புது ஃபில்டர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான். இவையெல்லாம் அரை மணி நேர வேலைகள்.

இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். வாடைக்குக் காரணம் மேலே, சொட்டுக்குக் காரணம் கீழே. ஒன்றைச் சரிசெய்த பிறகும் சொட்டினால் "முதல் வேலையே வீண்" என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆயில் பிரஷர் சுவிட்ச், கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் முன்பக்க சீல், சம்ப் ஒட்டியிருக்கும் விளிம்பு என்று மற்ற இடங்களும் உண்டு. கழுவிய பிறகு அவை தானாகவே தெரிந்துவிடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது

இரவில் வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரியுங்கள். சக்கரங்கள் இருக்கும் இடத்தை அட்டையில் குறித்து, காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். நிறத்தையும் பாருங்கள். எஞ்சின் ஆயில் பழுப்போ கறுப்போவாக இருக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த காட்டமான வாடை உண்டு, அவ்வளவாகக் கறுக்காது. கூலன்ட் பச்சையோ இளஞ்சிவப்போ, தொட்டால் தண்ணீர் மாதிரி இருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்தில் சொட்டுவது கியர் ஆயில் என்று தெரிந்தால் கதையே வேறு. பிசகியிருப்பது எஞ்சின் சீலாக இருக்காது, கியர்பாக்ஸின் சீலாக இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டில் கிலோமீட்டர், டிப்ஸ்டிக் அளவு, ஊற்றிய அளவு மூன்றையும் எழுதி வாருங்கள். தரையில் சொட்டுவது கொஞ்சமாகவும் குறைவது நிறையவும் இருந்தால், எஞ்சின் உள்ளே எண்ணெயை எரிக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் நீங்களும் போகக் கூடாது, வேறு யாரையும் போகவும் விடக் கூடாது. ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான்.

ஒர்க்‌ஷாப்பில் இப்படிக் கேளுங்கள்

"எஞ்சினைக் கழுவி, காயவிட்டு, ஓட்டிப் பார்த்து, கசிகிற இடத்தை எனக்குக் காட்டுங்கள். அதற்கான கூலியை நான் தருகிறேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். கூலி தருவதாகச் சொல்வது முக்கியம். லீக் தேடுவதும் உழைப்புதான். அதற்குக் காசு கிடைக்காது என்றால், மெக்கானிக் ஊகத்தில் ஒரு பாகத்தைச் சொல்லிவிடத்தான் பார்ப்பார்.

எஞ்சின் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் மூடிவைத்துக் கழுவ வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, ஓரிரு நாள் ஓட்டி, புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். கசிகிற இடம் பச்சை மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். பெரிய ஒர்க்‌ஷாப்களில் இந்த வசதி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இதோடு பலரும் விட்டுவிடுகிற ஒரு சோதனையையும் கேட்டு வாங்குங்கள்: பிசிவி வால்வு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்துத் திரும்ப எரிக்க அனுப்பும் சின்ன வால்வு இது. கசடு சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் சில மாதத்தில் கசியும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. பலமாக வெளியே ஊதித் தள்ளினால் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் வேறு எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

பேக்கிங் மாற்றும்போது நிற்க முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். புது ரப்பர் பேக்கிங் போட்டு, அதற்கு மேலேயும் சிலிகான் பேஸ்டை வாரி அப்பினால் தடுத்துவிடுங்கள். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து சம்ப்புக்குள் விழுந்து, பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். பேஸ்ட் போடச் சொல்லியிருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாகப் போட்டால் போதும். டிரெயின் போல்ட் மரை போயிருந்தால் எம்-சீல் வைத்து அடைப்பதற்கும் சம்மதிக்காதீர்கள். லேத்தில் புது மரை வைக்கலாம், இல்லையென்றால் சம்ப்பையே மாற்ற வேண்டும்.

அந்த 34,000, இந்த 900

கழுவிப் பார்த்து, மேலே எல்லாம் காய்ந்திருக்க, கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் அடியில் மட்டும் எஞ்சின் ஆயில் ஈரம் தெரிந்தால் அந்த ஒர்க்‌ஷாப் சொன்னது சரிதான். அந்த சீலின் விலை சில நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. கிளட்ச் செட்டையும் சேர்த்துச் சொன்னார்களே என்று சந்தேகப்பட வேண்டாம். 82,000 கி.மீ. ஓடிய கிளட்ச் தேய்ந்திருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ, திறந்திருக்கும்போதே மாற்றுவதுதான் லாபம். இல்லையென்றால் அடுத்த வருடம் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஆனால் இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டின் தடிமனை உங்களுக்குக் காட்டிவிட்டு மாற்றட்டும்.

காலனி மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கவில்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த கிரேடு ஆயில் எழுதியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் எஞ்சினின் நுண்ணிய இடைவெளிகளும் பம்பும் அமைந்திருக்கின்றன. 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினால், காலையில் கிளப்பும்போது எண்ணெய் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கிழிந்த பேக்கிங் எப்படியும் கசிந்துகொண்டுதான் இருக்கும். லீக் ஸ்டாப் திரவம் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்துப் பருக்க வைக்கும். சின்னக் கசிவு சில நாள் நிற்கலாம். விரிசலுக்கும் தளர்ந்த போல்ட்டுக்கும் அதனால் பயனில்லை. உங்களுக்கோ கருகல் வாடை வருகிறது. அதை நாள் கடத்துவது ஆபத்து.

பில், இன்சூரன்ஸ், புகார்

தேய்மானத்தால் வரும் லீக்குக்கு மோட்டார் இன்சூரன்ஸ் பணம் தராது. வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டு சம்ப் உடைந்தால் அது விபத்து, கிளெய்ம் கேட்கலாம். ஆனால் உடைந்த பிறகும் ஓட்டி, எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகினால், அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. அதற்குத்தான் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் பாலிசி விற்கிறார்கள். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா, என்ன நிபந்தனை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கழுவிப் பார்த்ததில் டிரெயின் போல்ட்டோ ஃபில்டரோதான் காரணம் என்று தெரிந்தால், வேறு ஆள் கைவைப்பதற்கு முன் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு, ஆயில் மாற்றிய சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பழைய பில்லைக் காட்டிப் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தியாகவாவது இருக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிகம்தான். குறைபாடான சேவைக்கு இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

பெரிய வேலை என்று முடிவானால் பாகம் தனி, கூலி தனி என்று எழுதிய எஸ்டிமேட் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெண் தனியாக வந்தால் ஏமாற்றுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, அது நியாயமான பயம்தான். ஆனால் அட்டையில் விழுந்த சொட்டின் படத்தையும் டிப்ஸ்டிக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேட்கிறவரிடம் கதை சொல்வது யாருக்கும் சுலபமில்லை.

கொழுந்தனார் சொன்ன விற்கும் யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லீக்கோடு விற்றால், வாங்குபவர் எஞ்சினே போய்விட்டதாகப் பேசித்தான் விலையைக் குறைப்பார். காரணம் ஹெட் கவர் பேக்கிங்காக இருந்தால் சின்னச் செலவுக்குப் பயந்து பெரிய தொகையை இழப்பீர்கள். பிசிவி சரியாக இருந்தும் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் விற்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி விற்பதே சரி.

வேளாங்கண்ணிக்குப் போக உங்களுக்குச் சுமார் 150 கி.மீ. ஓட்ட வேண்டியிருக்கும். கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகவே வேலையை முடித்துவிடுங்கள். முடித்த பிறகு ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டி, மறுபடி அட்டை விரித்துப் பார்த்து, ஒர்க்‌ஷாப்பிலும் ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள். அட்டை காய்ந்திருந்து டிப்ஸ்டிக் அளவும் இறங்காமல் இருந்தால் தாராளமாகப் போகலாம். அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும், திரும்பிக் கிளம்பும் காலையில் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். அதற்குள் வேலை முடியாவிட்டால் பிள்ளைகளையும் மாமியாரையும் அந்தக் காரில் ஏற்றாதீர்கள், பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய் வாருங்கள்.